புறாமலைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

சுற்றாடல் அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், மறுசீரமைப்பு என்ற பெயரில் இப்போதோ இனியோ கூடப்போகும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

விடயம்: திணைக்களத்தை மறுசீரமைப்பதானால் எந்த முனையில் தொடங்குவது?

இந்த மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடிதம் என்றால் 'விடயம்' என்று ஒரு வரி போடாமல் கை ஓடாது. கோப்பு இலக்கத்தை மட்டும் விட்டிருக்கிறேன். இதற்குக் கோப்புத் திறப்பதா இல்லையா என்பது உங்கள் பக்கத்து வேலை.

குடியிருப்பது நிலாவெளியில். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடை தூரம். கரையில் நின்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாமலை தெரியும். உங்கள் ஆவணங்களில் அது புறாத்தீவு தேசிய பூங்கா. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. நாட்டில் கடலுக்குள் இருக்கும் தேசிய பூங்காக்கள் சிலவற்றில் ஒன்று, தெற்கே ஹிக்கடுவ இன்னொன்று. வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படை அதைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தது. அதற்குப் பிறகும் மாடப்புறாக்கள் மிஞ்சியிருப்பதே பெரிய விடயம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கம் வரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமோ தெரியாது. பத்தரமுல்லையில் இருக்கும் தலைமையகத்தின் பெயர்ப்பலகையை மாற்றுவது, இரண்டு திணைக்களங்களை ஒன்றாக்குவது, ஒன்றை இரண்டாக்குவது, இவையெல்லாம் ஆறுதலாக நடக்கட்டும். அதற்கு முன்னர் பூங்கா வாசலில் நிற்கும் உத்தியோகத்தருக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தையும், அந்த முடிவை நிறைவேற்றக் கொஞ்சம் பணத்தையும் கொடுங்கள். அவர் மூன்று நான்கு வருடமாவது அதே கதிரையில் இருக்கட்டும். அவர் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவும் இருக்கட்டும். மறுசீரமைப்பு என்று நான் கேட்பது இவ்வளவுதான்.

மேல் முனையிலிருந்து தொடங்கிய மறுசீரமைப்புகளை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். 1937இன் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றுவரை, பல திருத்தங்களோடு, இந்த வேலைக்கு அடித்தளம். திணைக்களம் 1949இல் பிறந்தது. அதற்குப் பிறகு அது எத்தனை அமைச்சுகளின் கீழ் போய் வந்திருக்கிறது என்று திணைக்களத்திலேயே ஒருவர் உட்கார்ந்து எழுதினால் நல்ல நீளமான பட்டியல் வரும். 2018 கடைசியில் அமைந்த அமைச்சரவையில் சுற்றுலா அபிவிருத்தி, வனசீவராசிகள், கிறிஸ்தவ சமய அலுவல்கள் மூன்றும் ஒரே அமைச்சு. யானைக்கும் தேவாலயத்துக்கும் ஹோட்டலுக்கும் ஒரு செயலாளர். சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அமைச்சு மாறும் ஒவ்வொரு தடவையும் கடிதத்தலைப்பு மாறும், கணக்குத் தலைப்பு மாறும், கையொப்பமிடும் அதிகாரம் யாரிடம் என்று தெளிவாகும் வரை கீழே எல்லாம் அப்படியே நிற்கும். கீழ்மட்டத்தில் இருந்து அதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

பூங்காவின் தரத்தை உயர்த்திப் பெயர் வைத்தால் காரியம் ஆகும் என்ற நம்பிக்கையும் உங்களிடம் நெடுநாளாக இருக்கிறது. ஹிக்கடுவவைப் பாருங்கள். 1979இல் சரணாலயம், பிறகு இயற்கை ஒதுக்கு, 2002இல் தேசிய பூங்கா. பெயர் ஏற ஏற முருகைக்கல் (பவளப்பாறை) இறங்கிக்கொண்டே போனது. 1998இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது அங்கே பெரும்பகுதி போய்விட்டது. திருகோணமலைப் பக்கம் அந்த வருடம் பெரும்பாலும் தப்பியது. அந்தத் தப்பியதைத்தான் 2003இல் பூங்காவாக்கி எங்கள் கையில் தந்தீர்கள்.

இனி அந்த இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஏப்ரலில் கடல் அடங்கியதும் சீசன் தொடங்கும், செப்டெம்பர் ஒக்டோபர் வரை போகும். கரையில் நுழைவுச்சீட்டு எடுத்து, படகுக்காரரிடம் உயிர்காப்பு அங்கி வாங்கிப் போட்டு, சில நிமிடத்தில் தீவின் மணலில் இறங்கலாம். இறங்கும் இடத்திலேயே, இடுப்பளவு தண்ணீரில், முருகைக்கல் தொடங்கிவிடும். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டது, மேசை மாதிரிப் பரந்தது, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது என்று பலவகை. நீந்தத் தெரியாத ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு மிதக்கிறார். முகமூடிக்குள் தண்ணீர் போய்விடுகிறது. பயந்து காலை ஊன்றுகிறார். ஊன்றிய இடம் மான்கொம்புக் கல். காலில் போட்டிருக்கும் இறப்பர்த் துடுப்பு பக்கத்தில் உள்ள இரண்டு கிளையையும் சேர்த்துத் தட்டுகிறது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மான்கொம்பு வகை வேகமாக வளரும், சில வருடத்தில் தேறிவிடலாம். பாறை மாதிரி உருண்டையாக இருக்கும் கல் ஆண்டுக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில்தான் வளரும். ஒரு ஆள் உயரக் கல் என்றால் அதன் வயதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

இதைத் தடுப்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. இறங்கு பாதையைக் கயிறும் மிதவையும் கட்டிப் பிரிக்க வேண்டும். நீந்தத் தெரியாதவரை மணல் பக்கம் மட்டும் விட வேண்டும். ஒரே நேரத்தில் தீவில் இத்தனை பேர்தான் என்று வரையறுத்து, கரையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். கடல் அளவுக்கு மீறிச் சூடாகும் வாரங்களில் ஒரு பக்கத்தை மூட வேண்டும். வேலியிறக்கத்தில் கல் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் நேரம் படகை நிறுத்த வேண்டும். இவற்றில் எந்த ஒன்றையும் இடத்தில் நிற்கும் ஒருவர் காலையில் கடலைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம். பத்தரமுல்லையில் இருந்து தீர்மானிக்க முடியாது. அங்கிருந்து கடலும் தெரியாது.

அவரால் ஏன் தீர்மானிக்க முடியவில்லை? தீவும் சுற்றியுள்ள கடலும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. படகு புறப்படும் கரை என்று வந்தால் கரையோரம் பேணல் திணைக்களமும் பிரதேச சபையும் பேச வேண்டும். வலை, தொழில் என்றால் கடற்றொழில் திணைக்களம். எண்ணெய் கொட்டினால் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. முருகைக்கல் எப்படி இருக்கிறது என்று மூழ்கிப் பார்க்க, கடல்வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா. ஹோட்டலுக்கு அனுமதி சுற்றுலா அதிகார சபை. இத்தனைக்கும் மேலே கடற்படை. ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு யாரும் வாளி வாங்குவதில்லை என்பார்கள். இங்கே வாளிக்கு உரிமை கோர எட்டுப் பேர், வாங்கிப் போட ஒருவரும் இல்லை.

ஒரு மிதவைக் கதை சொல்கிறேன். அலுவலகங்களின் பெயர் வேண்டாம், யாரையும் சங்கடப்படுத்த எழுதவில்லை. எங்கள் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் அறுந்து மிதந்து வந்த பெரிய மிதவை ஒன்றை இழுத்து வந்து கரையில் போட்டார். அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை, காரணம் அது இல்லாவிட்டால் புதிதாக வரும் படகுகள் கல்லின் மேல் நங்கூரம் போடும். கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். எழுதினோம். முதல் அலுவலகம், மிதவை எங்களுடையதுதானா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும் என்றது. இரண்டாவது, கட்டுவது எங்கள் வேலை, ஆனால் சங்கிலி கொள்வனவுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றது. மூன்றாவது, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக மிகவும் மரியாதையாகப் பதில் அனுப்பியது. அதற்குள் மாரி பிறந்து கடல் மூடிவிட்டது. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் நிதிப் பிரமாணங்களின்படி, சுற்றறிக்கையின்படி, ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் தட்டச்சு செய்திருப்பேன்.

ஆகவே ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு சங்கிலியையும் இரண்டு கொக்கியையும் வாங்கும் அதிகாரம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் மறுசீரமைப்பு வரைபில் எத்தனை மேலதிகப் பணிப்பாளர் நாயகங்கள் என்று பார்ப்பதற்கு முன்னர், பூங்காப் பொறுப்பாளர் தன் கையொப்பத்தில் எவ்வளவு ரூபாய் செலவழிக்கலாம் என்ற வரியைத் தேடுவேன். அந்த வரி இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்க மாட்டேன்.

இப்போது பணத்துக்கு வருவோம். வெளிநாட்டவரிடமும் உள்நாட்டவரிடமும் வாங்கும் நுழைவுக் கட்டணம் நிலாவெளிக் கரையில் சேர்கிறது, மத்திய கணக்குகளுக்குப் போகிறது. திரும்பி வருவது வருடாந்த ஒதுக்கீடாக, வேறு ஒரு கணக்கின்படி. எங்கள் கரையில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டுத்தான் தெரிய வேண்டும் என்பது சரியில்லை. நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் கொட்டிலின் சுவரிலேயே மாதாமாதம் எழுதிப் போடலாம்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. அமெரிக்காவில் 2004இன் சட்டம் ஒன்றின்படி, பூங்காவில் வாங்கும் கட்டணத்தில் பொதுவாக 80 சதவீதம் அந்தப் பூங்காவிலேயே தங்குகிறது. கரீபியன் கடலில் பொனெயர் என்ற சின்னத் தீவு. அங்கே 1979இல் கடல் பூங்கா அமைத்தார்கள், காசில்லாமல் சில வருடம் தூங்கிப் போனது. 1992இல் சுழியோடிகளிடம் ஆளுக்குப் பத்து டொலர் கட்டணம் வாங்கத் தொடங்கி, அந்தக் காசை அங்கேயே வைத்து மிதவை கட்டி, காவலர் வைத்து எழுப்பினார்கள். நிர்வாகம் உள்ளூர் அறக்கட்டளை ஒன்றின் கையில். நங்கூரம் போட அனுமதி இல்லை. கட்டி வைத்த மிதவையில்தான் படகு கட்டலாம். எங்கள் படகுக்காரருக்கு இதைச் சொன்னேன். "அங்கே மிதவை அறுந்தால் யாருக்குக் கடிதம் போடுவார்கள்?" என்று கேட்டார்.

ஆனால் இதில் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு நூறு எங்களுக்கே என்று கேட்கவும் நான் தயாரில்லை. யாலவும் மின்னேரியாவும் உடவளவயும் சம்பாதிக்கும். எங்கள் மாவட்டத்து எல்லைக்குள்ளேயே ஒரு பகுதி கிடக்கும் சோமாவதிய தேசிய பூங்காவுக்கு எத்தனை உல்லாசப் பயணிகள் போகிறார்கள்? முல்லைத்தீவுக்கும் எங்களுக்கும் நடுவில், இரண்டு மாகாண எல்லையில் இருக்கும் கொக்கிளாய் களப்பு 1951இலிருந்து சரணாலயம். அங்கே நுழைவுச்சீட்டு வாங்கப் பறவைகள் மட்டும்தான் வரும். சம்பாதிக்கும் பூங்கா எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டால் இவை பட்டினி. அதோடு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020இல் கொரோனா காலத்திலும், 2022இல் படகுக்கு எண்ணெய் இல்லாமல் வரிசையில் நின்றபோதும் எங்கள் கரையில் என்ன வருமானம்? வருமானம் நின்றால் ரோந்தும் நிற்க வேண்டும் என்பது பைத்தியக்காரத்தனம். ஆட்கள் வராத வருடத்தில்தான் வெடி போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு வசதி. எனவே சம்பளமும் ரோந்து எண்ணெயும் திறைசேரியிலிருந்தே வரட்டும். கட்டணத்தில் பாதி அந்தந்தப் பூங்காவில், மீதி பொது நிதியத்துக்கு. பாதி என்பது என் மதிப்பீடு. மூன்றில் ஒன்று என்றாலும் சண்டை பிடிக்க மாட்டேன். எங்களுக்கு வருமா வராதா என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள், அமைச்சரின் விருப்பத்தில் விடாதீர்கள்.

வனசீவராசிகள் திணைக்களத்தையும் வனத் திணைக்களத்தையும் இணைப்பதா என்ற பழைய விவாதம் ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் தலைகாட்டும். இணைக்க வேண்டும் என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அது யானை வேலி. கந்தளாய், சேருவில, மூதூர், வெருகல், மொறவெவ, கோமரங்கடவல என்று எந்தப் பக்கம் போனாலும் வேளாண்மைக் காலத்தில் பரணில் இரவுக் காவல்தான். வேலி போட்டாச்சு என்பார்கள். ஆனால் நாட்டில் பல மின்வேலிகள் போடப்பட்டது ஒரு திணைக்களத்தின் காடு முடிந்து மற்றத் திணைக்களத்தின் காடு தொடங்கும் எல்லையில். இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை, நடுவில் மின்சாரம். யானைக்கு வர்த்தமானி படிக்கத் தெரியாது. நாட்டில் யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று 2021இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. வேலியை வயலையும் ஊரையும் சுற்றிப் போட வேண்டும், பராமரிப்பில் ஊர்ச் சங்கங்களும் பங்கெடுக்க வேண்டும் என்று 2020இல் ஜனாதிபதி நியமித்த குழு எழுதிக் கொடுத்தது. அண்மைய வருடங்களில் ஆண்டுக்கு நானூறு அளவில் யானையும் நூறுக்கு மேல் மனிதரும் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை இன்னும் முழுதாகக் காட்டுக்கு வந்து சேரவில்லை.

அப்படியானால் இணைத்துவிடலாமே என்பீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு திணைக்களத்தை ஒன்றாக்கினால் முதல் ஐந்து வருடம் என்ன நடக்கும் என்று என்னைப் போன்ற பழைய எழுதுவினைஞரிடம் கேளுங்கள். யார் யாருக்கு மூப்பு, எந்தச் சேவைப் பிரமாணக் குறிப்பு செல்லும், எந்த வாகனம் யாருக்கு, எந்தச் சீருடை, யார் பதில் கடமை, யார் நிரந்தரம். வழக்குகள் நீதிமன்றம் வரை போகும். அதற்குள் நாலைந்து போகம் விளைந்து, யானை வந்து, எல்லாம் முடிந்துவிடும். நியூசிலாந்தில் 1987இல் காட்டுச் சேவை, காணித் திணைக்களம், வனவிலங்குச் சேவை ஆகியவற்றின் பாதுகாப்பு வேலையைச் சேர்த்து ஒரே திணைக்களம் அமைத்தார்கள். இன்றும் இருக்கிறது, நல்ல வேலையும் செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் அது திரும்பத் திரும்ப மறுசீரமைக்கப்பட்டுக்கொண்டேதான் வருகிறது. 2013இல் ஒரு சுற்றில் நூற்றுக்கு மேற்பட்டோரின் வேலை போனது. இணைத்தால் முடிந்துவிடும் என்று யாரும் நம்பக் கூடாது.

மாவட்டத்தில் ஒரே மேசை போதும். இரண்டு திணைக்களத்தின் மாவட்டப் பொறுப்பாளர்களும், அரசாங்க அதிபரும், கமநல சேவையும், ஊர்ச் சங்கங்களும் உட்காரும் மேசை. அங்கே எடுக்கும் முடிவுக்கு இரண்டு தலைமையகமும் கட்டுப்பட வேண்டும் என்று ஒரே ஒரு வரி சட்டத்தில். கலந்துரையாடல் கூட்டம் இப்போதும் நடக்கிறது, தேநீரும் வடையும் வருகிறது, கூட்டக் குறிப்பும் வருகிறது. கட்டுப்பாடு மட்டும்தான் வருவதில்லை.

கடல் பூங்காவுக்கு இன்னொரு சங்கடம். மாவட்டத்தில் இருக்கும் ஆட்களும் வாகனமும் யானைப் பிரச்சினைக்கே போதாது. ஒரு ஊரில் யானை அடித்து ஆள் செத்தால் அன்று யாரும் முருகைக்கல்லைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது. அதனால் புறாமலை எப்போதும் மிச்சம் மீதியில் வாழ்கிறது. கடல் வேலைக்கென்று தனிப் பிரிவு, சுழியோடத் தெரிந்தவர்கள், படகு ஓட்டத் தெரிந்தவர்கள், இயந்திரம் பழுதானால் திருத்தத் தெரிந்த ஒருவர். திணைக்களத்தில் கடலுக்குள் மூழ்கி வேலை செய்யப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் இன்று எத்தனை பேர் கடல் பூங்காக்களில் கடமை செய்கிறார்கள் என்ற இரண்டு எண்களை வெளியிடுவீர்களா? மறுசீரமைப்பு அறிக்கையின் முதல் பக்கத்தில் அவை வர வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் பட்டணத்து மான்களையும் சொல்லாமல் விட முடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் பாதையிலும் புள்ளிமான் கூட்டமாக நிற்கும், இரவில் கடைத்தெருப் பக்கமும் வரும். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்கள். குப்பையில் கிடக்கும் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். அந்த மான் யாருடையது? கோட்டைக்குள் இராணுவம், தெருவில் மாநகர சபை, உயிரோடு இருந்தால் வனசீவராசிகள், செத்துக் கிடந்தால் யார் தூக்குவது என்று ஒரு விவாதம். எல்லோருக்கும் பிடித்த மான்தான்.

சரி, ஊராரிடம் வருவோம். புறாமலையில் காற்றுக்கு ஒதுங்கி, வலை காயப்போட்டுப் பழகிய தொழிலாளர்கள் நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் இன்னும் இருக்கிறார்கள். 2003இல் பூங்கா வந்ததும் அந்த வழமை சட்டப்படி குற்றமாயிற்று. காரணம் சரியானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் கேட்டு எழுதிய கோடு அது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கோடு கடலில் கிடந்து தெரியவும் மாட்டாது. இரவில் நீரோட்டம் இழுத்து வலை பூங்காவுக்குள் போனால் தொழிலாளி குற்றவாளி. சுருக்குவலைக்காரன் பெரிய படகில் வந்து போனால் துரத்த எங்கள் உத்தியோகத்தரிடம் எண்ணெய் இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

தேக்கடிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் என்ன செய்தார்கள் என்று உங்கள் உத்தியோகத்தர்களை ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள். தொலைவில்லை. காட்டுக்குள் கள்ளத்தனமாக வயணா மரப்பட்டை உரித்துக்கொண்டிருந்த ஆட்களை 1990களின் கடைசியில் கூப்பிட்டுப் பேசி, வழக்குகளைத் தீர்த்து, குழுவாக்கி, சுற்றுலா வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். காட்டை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? 2004இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை. 2006இல் இந்தியச் சட்டத்தைத் திருத்தி எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் அப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று எழுதினார்கள். வாசலில் வாங்கும் கட்டணம் அதற்குள் போகிறது. குறைகளும் இருக்கின்றன, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. ஆனாலும் ஆளைப் பிடித்து வழக்குப் போடுவதைத் தவிர வேறு வேலையும் ஒரு வனத் துறைக்கு உண்டு என்பதற்கு அது நல்ல சாட்சி.

எங்கள் கரையிலும் படகோட்டிகள் சங்கமாக இருக்கிறார்கள். கடற்தொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. விடுதிக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இந்தக் கடலில் தொழில் செய்கிறார்கள். பூங்கா ஆலோசனைக் குழு என்று அமைத்தால் மூன்று பேரும் அதில் இருக்க வேண்டும். ஆலோசனையோடு நின்றுவிடாமல், ஆண்டுத் திட்டத்துக்கும் கட்டணப் பங்கின் செலவுக்கும் அவர்கள் சம்மதம் தேவை என்று இருக்க வேண்டும். ஒரே வாரத்தில் இணக்கம் வரும் என்று நினைக்காதீர்கள். யார் படகு முதலில் போவது என்பதற்கே வருடக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும் கரை இது. பரவாயில்லை, காசும் பொறுப்பும் கையில் வந்தால் வாக்குவாதத்துக்கும் ஒரு பயன் இருக்கும்.

மொழி பற்றி ஒரு பத்தி. கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. அப்படியிருக்க, யானை மிதித்த வயலுக்கு நட்ட ஈடு கேட்டு வரும் விவசாயி படிவத்தை நிரப்ப ஆள் தேடி அலையக் கூடாது. தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கள அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்பதை ஆளணி அட்டவணையில் எழுதுங்கள். மொழிப் பயிற்சிக்கு அனுப்பினோம் என்ற பதில் எங்களுக்குப் பழகிப் போனது.

காணி பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அது தனி மடலுக்குரிய விடயம். போரில் ஊரைவிட்டுப் போய்த் திரும்பிய சனங்கள், தங்கள் வயலும் குளக்கட்டும் காடு என்று எல்லைக்கல் நட்டிருப்பதைக் கண்ட கதைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. பாதுகாப்பு என்ற சொல்லை எங்கள் சனம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புதிய எல்லை எதையும் வர்த்தமானியில் போடும் முன்னர் கிராம உத்தியோகத்தர் மட்டத்தில் விசாரணை நடத்தி, பெயர் சொல்லி ஆட்சேபம் கேட்டு, பதிலைப் பகிரங்கப்படுத்துங்கள். அதைச் செய்யாத மறுசீரமைப்பு எங்கள் ஊர்களில் ஒரு புதிய சண்டையாகத்தான் வந்திறங்கும்.

திணைக்களத்தை அதிகார சபையாக மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நிதானிக்கவும். அதிகார சபை என்றதும் முதலில் ஒரு தலைவர் கதிரை வரும், அந்தக் கதிரைக்குத் தேர்தலில் தோற்ற ஒருவர் வருவார், பிறகு பணிப்பாளர் சபை, பிறகு வாகனங்கள். கென்யாவில் அந்த மாற்றத்தை 1990இல் செய்தார்கள். முதற்காலத்தில் ரிச்சர்ட் லீக்கி என்ற கெட்டிக்காரர் தலைமையில் யானைத் தந்தக் கொள்ளையை அடக்கினார்கள். உண்மைதான். ஆனால் அவரையும் சில வருடத்தில் அரசியல் வெளியே தள்ளியது. கெட்டிக்காரர் இல்லாத நாளிலும் ஓடக்கூடிய ஏற்பாடுதான் எங்களுக்கு வேண்டும், அது கீழே இருந்தால்தான் ஓடும்.

செய்ய வேண்டியதை ஒரு பரீட்சையாகச் செய்து பாருங்கள். நாடு முழுவதற்கும் வேண்டாம். புறாமலை ஒன்றை எடுங்கள். அடுத்த சீசன் தொடங்க முன்னர் அதற்கு ஒரு பொறுப்பாளரை, பதில் கடமையாக இல்லாமல் நிரந்தரமாக, மூன்று சீசனுக்கு இடமாற்றம் இல்லை என்ற எழுத்தோடு நியமியுங்கள். கட்டணத்தில் ஒரு பங்கை இங்கேயே தங்கவிடுங்கள். ஆள் எண்ணிக்கையை வரையறுக்கவும் கடலை மூடவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். தொடக்கத்தில் முருகைக்கல் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நாராவைக் கொண்டு அளந்து வையுங்கள், மூன்றாவது சீசன் முடிவில் திரும்ப அளவிடுங்கள். எண் கூடியிருந்தால் மற்றப் பூங்காக்களுக்கும் கொண்டு போங்கள். குறைந்திருந்தால் என் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு உங்கள் வரைபின்படியே செய்யுங்கள்.

அதற்கு முன்னர் ஒரு கூட்டம் நிலாவெளியில் வைக்க வேண்டும். ஹோட்டல் மண்டபம் வேண்டாம், பாடசாலை மண்டபம் போதும். ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தவிர்த்து ஒரு பிற்பகல், தொழிலுக்குப் போனவர்கள் கரைக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு. அறிவித்தலை மூன்று மொழியிலும் பிரதேச செயலகப் பலகையில் மட்டுமல்லாமல் மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு முதல்நாள் நீங்கள் தீவுக்குப் போய் வாருங்கள், ஆனால் வருகிறோம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் கரையைக் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள், நீங்கள் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
நிலாவெளி வாசி ஒருவர்
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்)
திருகோணமலை

பிரதி: அரசாங்க அதிபர், திருகோணமலை, பிரதேச செயலாளர், குச்சவெளி, படகோட்டிகள், கடற்தொழிலாளர் சங்கங்கள்.